பாம்பு முதல் யானை வரை: திருகோணமலையில் காட்டுவிலங்கு எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

முதலில் இரண்டு இலக்கங்களைக் கைபேசியில் பதிந்துவிடுங்கள். 1990: சுவசெரிய இலவச அம்புலன்ஸ். 1992: வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர அழைப்பு. இவற்றோடு, நடு இரவிலும் கூப்பிட்டால் வரக்கூடிய ஓர் ஓட்டோக்காரரின் இலக்கமும், உங்கள் கிராம அலுவலரின் இலக்கமும் இருக்கட்டும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் காடு, வயல், குளம், ஆறு, கடல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதனால் ஒரே குடும்பத்துக்குக் கிணற்றடியில் பாம்பும், வயலில் யானையும், வாய்க்காலில் முதலையும் எதிர்ப்படலாம். ஒவ்வொன்றிடமும் நடந்துகொள்ள வேண்டிய முறை வேறு. கரடிக் காட்டில் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். யானை நிற்கும் இடத்தில் வாயே திறக்கக் கூடாது. சிறுத்தையைக் கண்டு ஓடக் கூடாது. குளவி கலைந்தால் ஓடத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது ஒன்றே ஒன்று: விலங்கு விலகிப் போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அந்த வழியில் நீங்கள் நிற்கக் கூடாது. ஊர்கூடிச் சுற்றி வளைத்துப் பார்க்கும் பழக்கத்தால்தான் தானாகவே போயிருக்கும் விலங்கு ஆளைத் தாக்குகிறது.

வீட்டுக்குள் பாம்பு

பாம்பைக் கண்டவுடன் கால் தானாக நகரப் பார்க்கும். நகராதீர்கள். அது எங்கே இருக்கிறது, தலை எந்தப் பக்கம் என்று பார்த்தபின் மெதுவாகப் பின்வாங்குங்கள். பெரும்பாலான பாம்புகள் தம் உடல் நீளத்தின் பாதி தூரத்துக்கு மேல் பாய்ந்து கொத்தாது. எனவே 2 மீற்றர் இடைவெளி போதும். 3 மீற்றர் இருந்தால் நிம்மதி.

பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். நாய் பாம்பைச் சீண்டி அறைக்கு அறை விரட்டிவிடும். ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று பாம்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். இந்தக் காவல்தான் முக்கியம். பார்வையை விட்டுவிட்டால் அலுமாரியின் கீழா, அரிசிப் பெட்டியின் பின்னாலா என்று இரவு முழுக்கத் தேடுவீர்கள். மற்றவர் உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, கதவின் கீழ் இடைவெளியைச் சாரத்தாலோ பழைய துணியாலோ அடைக்கட்டும். வெளிக்கதவை அகலத் திறந்துவிட்டு அமைதியாக இருங்கள். பாம்பு சுவரோரமாகத்தான் போகும். அதனால் கதவோரச் சுவரில் சாய்த்த சைக்கிள், செருப்புக் குவியல் எதுவும் வழியை மறிக்காமல் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரமாகியும் போகவில்லை, அல்லது மூலையில் சுருண்டுவிட்டது என்றால் 1992க்கு அழையுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, உப்புத் தூவுவது, வெள்ளைப்பூண்டு தட்டி வைப்பது எதற்கும் பயனில்லை. மண்ணெண்ணெய் பட்ட பாம்பு வெறிகொண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லவே முடியாது. தும்புத்தடியால் அடிக்கப் போவதும் வேண்டாம். கடி வாங்குபவர்களில் பலர் பாம்பைக் கொல்லவோ பிடிக்கவோ போனவர்கள்தான்.

எந்தப் பாம்பு என்று தெரிந்திருப்பது நல்லது. நாகபாம்பு படம் எடுத்தால் யாருக்கும் தெரியும். எடுக்காதபோது சாரைப்பாம்போடு குழப்பிக்கொள்வார்கள். சாரை நீளமாய், வேகமாய், பகலில் எலி தேடி ஓடுவது. விஷமில்லை, வளவுக்கு அது நல்லதே செய்கிறது. கண்ணாடி விரியனைப் புடையன் என்றும் சொல்வார்கள். தடித்த பழுப்பு உடலில் சங்கிலி போல மூன்று வரிசை முட்டைவடிவப் புள்ளிகள் இருக்கும். கிட்டப் போனால் குக்கர் ஆவி விடுவது போல நீளமாகச் சீறும். அந்திக்குப் பின் வயல் வரம்பிலும் வைக்கோலிலும் இருக்கும். கட்டுவிரியன் கறுத்து மினுங்கும். மெல்லிய வெள்ளை வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஓடும். அதைப் போலவே வெள்ளை வரியுள்ள விஷமற்ற பாம்பொன்றும் நம் வீடுகளில் உண்டு. இரண்டையும் இரவு வெளிச்சத்தில் பிரித்தறிய முயல வேண்டாம். கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் சோம்பிக் கிடக்கும் அது, இரவில் எலியையும் பல்லியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி இராது, வீக்கம் இராது, பல் அடையாளமும் பெரும்பாலும் தெரியாது. எறும்பு கடித்தது என்று நினைத்து மறுபடி தூங்குவார்கள். விடியும் முன் வயிற்றுவலி, வாந்தி வரும்; பிறகு கண் இமை தூக்க முடியாமல் விழும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். நிலத்தில் படுத்த ஒருவர் அதிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழும்பினால், இரவுச் சாப்பாட்டைக் குறைசொல்லிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு மலிவான காப்பு நுளம்பு வலை. கட்டிலில் படுப்பது மிக நல்லது. பாயில்தான் படுக்க வேண்டுமென்றால், வலையின் விளிம்பைச் சுற்றிவரப் பாயின் கீழே செருகுங்கள். வெறுமனே தொங்கவிட்ட வலையின் அடியால் பாம்பு நுழைந்துவிடும். வயல் காவலுக்குப் போகிறவர்கள் குடிலின் தரையில் படுக்காமல் பரண்மேல் படுக்க வேண்டும்.

பிறகு வளவு. பாம்பு எலிக்காகத்தான் வருகிறது. எலி நெல்லுக்கும் கோழித் தீனிக்கும் வருகிறது. தீனியை மூடியுள்ள தகரப் பீப்பாயில் போடுங்கள். விறகை வீட்டுச் சுவரோடு சாய்த்து அடுக்காமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது முதலில் தடியால் தட்டி, மேலிருந்து எடுங்கள். தேங்காய் மட்டைக் குவியல், கழற்றி வைத்த ஓடு, உடைந்த கல் இவையெல்லாம் பாம்புக்குக் குடியிருப்பு. குசினிக் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பழைய ரயர்ப் பட்டியை அறைந்து மூடுங்கள். குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். இரவில் மலசலகூடம் போக டோர்ச்சும் செருப்பும் கட்டாயம். அறுவடைக் காலத்தில் வரம்பில் நடக்கக் கம்பூட்ஸ் வேண்டும். வைக்கோலைக் கையால் அள்ளாமல் முள்ளுக்கரண்டியால் அள்ளுங்கள்.

கடித்துவிட்டால்

இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பாம்புக்கடிகள் நேர்வதாக நாடளாவிய வீட்டு ஆய்வொன்று கணித்தது. சுமார் 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதாவது கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். இதை முதலில் கடிபட்டவருக்குச் சொல்லுங்கள். பதற்றத்தில் ஓடித் திரிந்தால் விஷம்தான் வேகமாகப் பரவும்.

1. பாம்பைவிட்டு விலகி, கடிபட்டவரை அப்படியே உட்காரவோ படுக்கவோ வையுங்கள். நடக்க விடாதீர்கள்.
2. மோதிரம், காப்பு, கொலுசு, மணிக்கூடு, இறுக்கமான உடை அனைத்தையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்றினால் சதையோடு வெட்ட வேண்டிவரும்.
3. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பேனையால் எழுதினாலும் சரி.
4. கடிபட்ட காலையோ கையையோ பலகைத் துண்டு, சுருட்டிய பாய், எதையாவது வைத்து அசையாமல் கட்டுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டும் இறுக்கம் போதும். கயிறு, இறப்பர்ப் பட்டி போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. விரியன் (கட்டுவிரியன் அல்ல) கடியில் அப்படிக் கட்டினால் அந்த உறுப்பே அழுகிப் போகலாம்.
5. 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் தாமதமானால் ஓட்டோ, வான், எது கிடைக்கிறதோ அதில் கிளம்புங்கள். மோட்டர்சைக்கிள் மட்டும்தான் உண்டென்றால் நடுவில் கடிபட்டவர், பின்னால் அவரைப் பிடித்துக்கொள்ள ஒருவர்.
6. வாந்தி எடுத்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள்.

வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, கொண்டீஸ் (பொட்டாசியம் பெர்மங்கனேற்று) கரைசலால் கழுவுவது, விஷக்கல் ஒட்டுவது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். வலிக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரின், டைக்ளோபெனாக் கொடுத்தால் விரியன் கடியில் இரத்தப்போக்கு கூடும். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. வெட்டிய தலையும் சிறிது நேரம்வரை கடிக்கும். தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். விஷகடி வைத்தியர்மேல் நம்பிக்கை உள்ள குடும்பங்கள் பல. அவரிடம் போவதாக இருந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் போங்கள். முதல் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கும் கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளுக்கும் இடையில் எது உங்களுக்குக் கிட்டவோ அதற்குப் போங்கள். அங்கே நடப்பது தெரிந்திருந்தால் வீண் சண்டை வராது. சுமார் 2 மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷ முறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. அதுவே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. அதனால் விஷ அறிகுறி தெரிந்தால் மட்டுமே ஏற்றுவார்கள். "ஊசி போடாமல் சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அந்த 24 மணி நேரக் கண்காணிப்பும் சிகிச்சைதான். இங்கே பாவிக்கும் இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. மூக்கு நுனி மேல்நோக்கிய சிறு விரியனுக்கும் கடற்பாம்புக்கும் அது வேலை செய்யாது. அவற்றுக்குச் சிறுநீரகத்தையும் மூச்சையும் காக்கும் சிகிச்சை உண்டு. கடித்த சில நாட்களுக்குள் சிறுநீர் குறைந்தால் அல்லது நிறம் கறுத்தால் மறுபடி போக வேண்டும்.

யானை வரும் இரவு

கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, சேருவில, வெருகல், தம்பலகாமம் பக்கங்களில் யானை புதிய செய்தி அல்ல. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 காட்டு யானைகள் எண்ணப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி மனிதரோடு ஒரே நிலத்தைப் பங்குபோடுகின்றன. கொம்பன், அலியன் என்று தனியாக வரும் ஆண்கள்தான் வீட்டை உடைப்பவை.

யானைக்குக் கண் சுமார், மூக்கு அபாரம். சுவருக்குள் இருக்கும் நெல்லும் உப்பும் புளித்த கள்ளும் பழுத்த வாழையும் அதற்கு வெளியிலிருந்தே தெரியும். நெல் மூட்டை அடுக்கிய சுவரைத்தான் அது தள்ளும். அந்தச் சுவரின் மறுபக்கம் கட்டில் இருந்தால் செங்கல் முழுக்கத் தூங்குபவர் மேல் விழும். நெல்லை வீட்டில் வைக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது. முடியாவிட்டால் மூட்டைகள் ஒரு கோடியிலும் படுக்கை எதிர்க்கோடியிலும் இருக்கட்டும். படுக்கை அறையிலிருந்து நேரே வெளியேற இரண்டாவது கதவொன்று வையுங்கள். பின்கதவை மரத்தளபாடம் வைத்து அடைத்திருக்கும் வீடுகள்தான் ஆபத்தானவை. வாழையும் பலாவும் வீட்டோடு ஒட்டியிருந்தால், காய் முற்றியதும் பழுக்கவிடாமல் வெட்டிவிடுங்கள்.

நாய் விடாமல் ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தால், கிளை முறியும் சத்தம் கேட்டால், டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்காதீர்கள். பாதம் மெத்தையானது, பத்தடி தூரத்தில் நிற்கும் யானையின் காலடிகூடக் கேட்காது. வெளி மின்விளக்கை உள்ளிருந்தே போடுங்கள், பக்கத்து வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், எல்லோரும் எதிர்க்கோடி அறைக்குப் போங்கள். யானைக்காலத்தில் இரவு மலசலகூடத்துக்கு வெளியே போவதைத் தவிர்க்க உள்ளே ஒரு வாளி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யானை வெடியைத் தகுந்தவர்களிடம் பெற்று, வீட்டுக்குள்ளிருந்தோ உயரத்திலிருந்தோ, யானை போக வேண்டிய காட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, அதன் பின்பக்கத்திலிருந்து போட வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் வெடி போட்டால் அது ஊருக்குள்தான் ஓடும். பழத்துக்குள் வெடி மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் சட்டவிரோதம். வாய் கிழிந்து, தின்ன முடியாமல் வாரக்கணக்கில் கிடந்து சாகும் குட்டிகளைக் கண்டவர் எவரும் அதைத் தொட மாட்டார்கள்.

மின்வேலியைப் பற்றி. சரியான யானை வேலி சில ஆயிரம் வோல்ட்டை, சுமார் ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, மிகச் சிறு நேரத்துக்கு மட்டும் அடிக்கும். அது அதிரவைக்கும், கொல்லாது. வீட்டு 230 வோல்ட் இணைப்பைக் கம்பியில் நேரே கொடுப்பது கொலை. யானையைவிட அதிகாலையில் வரம்பால் வரும் அயலவர்தான் அதில் முதலில் மாட்டுவார். நல்ல வேலிகள் பழுதாவது பெரும்பாலும் புல்லால்தான். கீழ்க்கம்பியைத் தொடும் ஈரமான கொடி மின்னை நிலத்துக்கு இறக்கிவிடும். மாரியில் வாரம் ஒரு தடவை கம்பியின் கீழ் வெட்டித் துப்புரவாக்கி, பற்றரியையும் நிலக்கம்பியையும் பார்த்து, மீற்றரால் அளந்து எழுதிவைக்கும் ஊரில் வேலி வேலை செய்கிறது. இதற்கு யாரையும் எதிர்பார்க்காமல் முறைவைத்துச் செய்யும் ஒரு சங்கம் வேண்டும்.

நடந்து போகும்போது யானையைக் கண்டால், அது உங்களைக் காணவில்லை என்றால், வந்த வழியே சத்தமின்றித் திரும்புங்கள். ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எப்பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் வாசம் யானைக்குப் போகாத பக்கமாக விலகுங்கள். கண்டுவிட்டது, காதை அகல விரித்துத் தலையைத் தூக்கி ஆட்டுகிறது, பிளிறுகிறது என்றால் பெரும்பாலும் மிரட்டல். முகம் அதைப் பார்த்தபடி பின்வாங்குங்கள். துதிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் அது நிசமான பாய்ச்சல். மணிக்கு 25 கிலோமீற்றர்வரை ஓடும். திறந்த வெளியில் உங்களால் தப்ப முடியாது. சட்டை, பை, குடை எதையாவது பின்னால் எறிந்துவிட்டுப் பெரிய மரத்தின் பின்னாலோ பாறை இடுக்கிலோ மறையுங்கள். செங்குத்தான ஆழமான கான் இருந்தால் தாண்டிவிடுங்கள். யானையால் குதிக்க முடியாது. கன்னத்தில் எண்ணெய் வழிந்த மாதிரி நீர் ஒழுகும் ஆண் மதத்தில் இருக்கிறது. அதன் அருகே எந்த விதியும் நம்பத் தகாதது. அந்தி மயங்கியபின் குடித்துவிட்டுத் தனியாக நடந்தோ சைக்கிளிலோ வருபவர்கள் யானையிடம் மாட்டுவது திரும்பத் திரும்ப நடக்கிறது. அவரைக் கூட்டிவர ஒருவரை அனுப்புங்கள்.

ஹபரணை–கந்தளாய்–திருகோணமலை றோட்டில் இரவில் 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் வேண்டாம். யானை நின்றால் 100 மீற்றருக்கு அப்பாலேயே நிறுத்துங்கள். முன்விளக்கைத் தாழ்த்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், இயந்திரத்தை அணைக்காதீர்கள், பின்னால் வரும் வாகனம் உங்களை ஒட்டி நிற்க விடாமல் பின்செல்ல இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் பின்னால் வரும், குட்டி கடைசியில் வரலாம். மோட்டர்சைக்கிளில் போனால் ஓரமாக வெட்டிப் போக முயலாமல் திருப்பிக்கொண்டு, ஒரு லொறி வரும்வரை காத்திருந்து அதன் மறைவில் போங்கள். வாழைப்பழம் எறிபவர் அந்த யானையை வாகனம் மறிக்கப் பழக்குகிறார்.

குளத்திலும் ஆற்றிலும் முதலை

கந்தளாய்க் குளம் போன்ற நன்னீரில் குளத்து முதலை; மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதி, கண்டல் ஓரங்கள், களப்புகளில் உவர்நீர் முதலை. பின்னது பெரியது, மனிதரை இரையாகவே பார்க்கக்கூடியது. வரட்சியில் நீர் வற்றும்போது குளத்து முதலைகள் இரவில் தரையில் நடந்து வேறு நீர் தேடும். வயல் வாய்க்காலிலும் பாழ்கிணற்றிலும் அப்போது அவை கிடைக்கும்.

முதலை பழக்கத்தைப் படிக்கும். தினமும் ஒரே நேரம், ஒரே கல்லில் உட்கார்ந்து துணி துவைத்தால் அது மெல்ல மெல்லக் கிட்ட வந்து காத்திருக்கும். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். மீன் குடலை, கோழிக் கழிவைத் துறையில் கொட்டாதீர்கள். விடியற்காலையும் அந்தியும் தவிருங்கள். இறங்கிக் குனிந்து குளிப்பதைவிட, கரையிலிருந்து 3–4 மீற்றர் தள்ளி நின்று, கயிறு கட்டிய வாளியால் மொண்டு குளியுங்கள். குளிக்கும் துறைகளில் தடித்த கம்புகளை நெருக்கமாக நட்டு, அடியில் இடைவெளியில்லாமல் கூடு அமைக்கலாம். வெள்ளம் வடிந்தபின் உள்ளே ஒன்றும் மாட்டியிருக்கவில்லை என்று நீண்ட கம்பால் துழாவிப் பார்த்தே இறங்க வேண்டும்.

கரையில் முதலை படுத்திருந்தால் அதற்கும் நீருக்கும் நடுவில் போகாதீர்கள். பிடித்துவிட்டால் இழுத்துப் பறிக்கப் பார்ப்பதில் பலனில்லை. கண்களில் விரலைக் குத்துங்கள், விடாமல் அடியுங்கள். கை வாய்க்குள் மாட்டியிருந்தால் தொண்டை அடியிலுள்ள மடிப்பை உள்நோக்கித் தள்ளிக் கீழே அழுத்துங்கள்; தண்ணீர் உள்ளே புகுவதால் சில சமயம் விட்டுவிடும். காயம் சிறிதானாலும் ஆஸ்பத்திரி போக வேண்டும். முதலை வாயின் கிருமிகளால் காயம் வேகமாக அழுகும்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு

வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். குச்சவெளி, தென்னமரவாடி, புல்மோட்டைப் பக்கங்களில் சனம் பழம் பொறுக்கப் போவதும் கரடி அதே மரத்தில் ஏறியிருப்பதும் அந்தக் காலம்தான். மரத்தின் கீழ் போகுமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். அடிமரத்தில் புதிய நகக்கீறல், கீழே முறிந்த கிளை, கொட்டை நிறைந்த எச்சம் கண்டால் வேறு மரம் பாருங்கள். புற்றுகளைத் தோண்டிய குழிகளும் அடையாளம். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம். தின்னும்போது ஆள் வந்தது தெரியாமல் திடுக்கிட்டுத்தான் தாக்கும். ஆகவே நாலுபேராகச் சேர்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். தூரத்தில் கண்டால் மெதுவாக விலகுங்கள். மரத்தில் ஏறுவதால் பயனில்லை, அதுவும் ஏறும். பாய்ந்து வந்தால் பையை முன்னால் எறியுங்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தை மூடுங்கள். கரடி குறிவைப்பது முகத்தையும் தலையையும்தான்.

சிறுத்தை பெரும்பாலும் உங்களைக் காணுமுன்பே ஒதுங்கிவிடும். எதிரே வந்தால் குனியாமல், ஓடாமல், முகம் காட்டி, கைகளை விரித்துப் பெரிதாகத் தெரிந்து பின்வாங்குங்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றி குட்டியோடு இருந்தால் இடுப்பளவு உயரமான எதிலாவது ஏறிவிடுங்கள். பன்றிக்கென்று போடும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் யானைக்குட்டியும் மாட்டுகின்றன. மாட்டிய சிறுத்தையை நெருங்கவே கூடாது, 1992.

குளவிக்கூடும் மலைத்தேன் கூடும் பாறை, கோபுரம், தண்ணீர்த் தாங்கி, உயர்ந்த மரங்களில் இருக்கும். கீழே கற்பூரமும் பட்டாசும் புகையும் போட்டால் கலையும். கலைந்துவிட்டால் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நேரே ஓடுங்கள். வீடு, வாகனம், எதற்குள்ளாவது நுழைந்து கதவைச் சாத்தும்வரை நிற்காதீர்கள். ஒன்றை அடித்து நசுக்கினால் அதன் வாசம் மற்றவற்றை அழைக்கும். தண்ணீருக்குள் குதித்தால் நீங்கள் தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும். தேனீ விட்ட கொடுக்கை எப்படியாவது உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் ஒரு கொட்டே ஆளைக் கொல்லும்; 1990க்கு அழைத்து, காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார விடுங்கள்.

கோட்டையிலும் கோயிலடியிலும்

பிறட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகியவை. அதனாலேயே சிலர் கொம்பைப் பிடித்துப் படம் எடுக்கப் போகிறார்கள். கொம்பு முற்றி உராய்ந்து மினுங்கும் ஆண் மான் இணைதேடும் காலத்தில் முட்டும். பிள்ளைகளை 5 மீற்றருக்குக் கிட்ட விடாதீர்கள். பொலித்தீன் பையில் சோறு கட்டி வீசாதீர்கள். பையும் வயிற்றுக்குள் போய் அடைத்துச் சாகின்றன. இரவில் நகர வீதிகளில் ஒரு மான் கடந்தால் அடுத்தது வரும் என்று வேகத்தைக் குறையுங்கள்.

கோணேசர் கோயில் வழியில் அர்ச்சனைப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பறிக்கும். பையை மூடி முன்பக்கம் அணைத்துப் பிடியுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணை உற்றுப் பார்ப்பதும் அதற்குச் சண்டை அழைப்பு.

குரங்கு, கீரி, நரி, நாய், பூனை எது கடித்தாலும் பிறாண்டினாலும் விசர்நோய்ப் பயம் உண்டு. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், கோப்பித்தூள் அப்பாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போடுங்கள். விசர்நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை.

கடல்

கரைவலை இழுப்பவர்களுக்குத் திருக்கை முள்ளும் கடற்பாம்பும்தான் கவலை. வலையில் சுருண்ட பாம்பை வெறும் கையால் எடுக்காமல் நீண்ட தடியால் கடலுக்குத் தள்ளுங்கள். கடற்பாம்புக் கடி வலிக்காது. சில மணி நேரத்தில் உடம்பு முழுக்கத் தசை இறுகி நோவும், சிறுநீர் கறுக்கும். உடனே ஆஸ்பத்திரி.

ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிவிடும். முள் குத்தினால், கல்மீனை மிதித்தாலும், சுமார் 45 பாகை வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை காலை அமிழ்த்தி வையுங்கள். சூட்டால் விஷம் சிதைந்து வலி இறங்கும். வலியில் சூடு தெரியாமல் வெந்துபோவதால், தண்ணீரை முதலில் நல்ல காலால் தொட்டுப் பாருங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்திய முள்ளைப் பிடுங்காதீர்கள். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டிய நூலைக் குறட்டால் எடுங்கள். நன்னீரும் மணல் தேய்ப்பும் எரிவைக் கூட்டும்.

புறாமலைத் தீவைச் சுற்றி நீந்துவோர் காணும் கரும்முனைச் சுறாக்கள் சீண்டாதவரை ஒன்றும் செய்யா. முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீன்தான் கடிக்க வரும். அதன் எல்லை மேல்நோக்கி விரிவதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

சேதம் நடந்துவிட்டால்

யானையோ முதலையோ கரடியோ உயிரை எடுத்தாலும், காயப்படுத்தினாலும், யானை வீட்டை உடைத்தாலும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உடைந்த சுவரைத் துப்புரவாக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். காலடித் தடத்தின் பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து அளவு தெரிய எடுங்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். கிராம அலுவலரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள், வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும் அட்டையில் எந்த விலங்கு தாக்கியது என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று வீடு திரும்புமுன் பாருங்கள். "விழுந்து காயம்" என்று பதிவாகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும் பாடு. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.